துவைக்கக் கூடாத பெல்ட்

எங்கள் ஊரில் கராத்தே பெல்ட்டைத் துவைக்கக் கூடாது. சட்டையைத் துவைக்கலாம், கால்சட்டையைத் துவைக்கலாம், நீலம் போட்டு மொட்டைமாடியில் உலர்த்தி மடிப்பு விழ இஸ்திரி போடலாம், ஆனால் பெல்ட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பிள்ளை சிந்திய வியர்வைதான் பிள்ளை கற்ற வித்தை, கழுவினால் கற்றதெல்லாம் சாக்கடையில் போய்விடும் என்பது கிளாட்வின் மாஸ்டர் வைத்த சட்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற பெல்ட் டெஸ்ட்டில், உதையும் குத்தும் பார்ப்பதற்கு முன்னால் அவர் செய்கிற முதல் காரியம், வரிசையாக நிற்கிற பிள்ளைகளின் இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பது. சோப்பு வாசம் அடித்தால் பிள்ளை பெயில். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன், கறுப்பு என்று ஏழு நிறம் ஏற வேண்டிய தூத்துக்குடிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் என் மகள் ஹெஸ்லினின் ஆரஞ்சு பெல்ட்டைத் துவைத்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பையில் சாளைமீன் குழம்பு டப்பா கவிழ்ந்து பெல்ட் முழுக்க எண்ணெயும் புளியுமாக ஊறிக் கிடந்தது, நான் கான்வென்ட்டில் படித்தவள், கறை பிடித்த துணி ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு திங்கட்கிழமை காலை, ஹெஸ்லின் பள்ளிக்கூடம் போன பிறகு, மொட்டைமாடிக்குப் பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அக்கம்பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, பெல்ட்டை நுரையில் முக்கி ஒரு தேய் தேய்த்தேன். நுரையில் ஒரு குமிழி உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து "ஹாய்!" என்று ஒரு சத்தம் வந்தது.

அது ஹெஸ்லினின் குரல். குத்து விடும்போது வயிற்றிலிருந்து எழுப்பச் சொல்லிக் கொடுக்கிற அந்தச் சத்தம். இன்னொரு தேய் தேய்த்தேன், இன்னொரு "ஹாய்" வந்தது, பிறகு இச், நி, சான், சி, கோ என்று ஜப்பான் மொழியில் எண்ணுகிற சத்தம், பிறகு "ஓஸ் சார், ஓஸ் சார்" என்று வரிசையாக. பிள்ளையின் சத்தம் இத்தனை நாளும் எங்கே போயிருந்ததோ அங்கேயிருந்து வருகிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது, அழுக்கு வருவதைப் போல. முடிச்சு விழுகிற இடம் கொஞ்சம் கருத்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். அப்போதுதான் அது வந்தது.

"சார் வலிக்குது சார்."

"சார் கால் பிய்யுது சார். சார். சார்."

அப்புறம் "அம்மா" என்று வந்தது. பதினோரு முறை. நான் எண்ணினேன். ஒவ்வொன்றும் ஒரு குமிழியாக எழும்பி, வாளி விளிம்பில் கொஞ்ச நேரம் ஒட்டி நின்று, உடைந்து உடைந்து, பதினோராவது மட்டும் மிகவும் சின்னதாக, கூப்பிட்டால் வரமாட்டாள் என்று தெரிந்தபிறகு கூப்பிடுகிற குரலில்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெர்லா அக்கா கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் மகன் ஜோவன் ஹெஸ்லினோடு அதே வகுப்பில் நீல பெல்ட்.

"என்னட்டி ஜெசி, பெல்ட்ட தொவச்சிட்டியோ?"

"அக்கா, பிள்ள கத்துறா. வாளிக்குள்ள இருந்து கத்துறாக்கா."

"கத்தத்தான் செய்யும். மொத வாட்டில்லா, அதான் ஒனக்கு ஒரு மாதிரியா இருக்கு. கிளிப்ப நல்லா மாட்டு, காத்துல போயிரும்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குக்கரில் எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதைப்போலச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாரும் துவைக்கத்தான் செய்கிறார்கள். துவைக்காவிட்டால் சத்தம் சேர்ந்து சேர்ந்து பெல்ட் கனத்துப் போகும், பிள்ளைக்கு இடுப்பு வளையும். துவைக்கும்போது மிக்ஸியை ஓட விட்டுக்கொள்ள வேண்டும், ஒன்றும் கேட்காது. காய்ந்த பிறகு சோப்பு வாசம் போக, வீட்டு ஆம்பிளை இடுப்பில் மூன்று நாள் கட்டிவிட வேண்டும். அவள் வீட்டுக்காரர் உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிறவர், இடுப்பில் கைலிக்கு மேலே ஜோவனின் பெல்ட் இல்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை, இத்தனை நாளும் இடுப்பு வலிக்கு என்று நினைத்திருந்தேன்.

"ஒன் வீட்டுக்காரர் கப்பல்ல கெடக்காரு. நீ எங்க போவ? கொண்டா, எங்க ஆளு இடுப்புலயே சேத்துக் கட்டிவிடுதேன். ஞாயித்துக்கிழம டெஸ்ட்டுல்லா."

நான் கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு. பிள்ளைகள் உள்ளே போவார்கள், மாஸ்டர் ஒவ்வொரு பிள்ளையின் பெல்ட்டையும் தன் கையாலேயே கட்டி இரண்டு நுனியையும் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பார், கதவு சாத்தப்படும், நாங்கள் மாடிப்படி முகப்பில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். உள்ளேயிருந்து வருவது ஒரே ஒரு சத்தம்தான், ஓஸ். ஆமாம் என்றாலும் ஓஸ், வணக்கம் என்றாலும் ஓஸ், புரிந்தது, பொறுத்துக்கொள்கிறேன், மன்னியுங்கள் எல்லாவற்றுக்கும் ஓஸ். எவ்வளவு ஒழுக்கம் பாருங்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வீட்டில் ஒரு நிமிஷம் வாயை மூடாத பிள்ளைகள், உள்ளே போனால் மூச்சுச் சத்தம்கூட இல்லையே என்று பெருமைப்படுவோம். காலை விரித்து உட்கார முடியாத பிள்ளையைச் சுவரோடு சுவராக உட்கார வைத்து, முதுகில் முழங்காலைக் கொடுத்து, இருபது எண்ணும்வரை அமுக்குவதற்கு அவர்கள் ஸ்ப்ளிட் என்று பெயர் சொல்லுவார்கள், அது எங்களுக்குத் தெரியும். பிள்ளை வாயைத் திறந்திருக்கும், சத்தம் பெல்ட்டுக்குள் போயிருக்கும், அது எங்களுக்குத் தெரியாது. நான் சொல்வது பொய். பெர்லா அக்காவுக்குத் தெரிந்திருந்தது, எல்லாருக்கும் தெரிந்திருந்தது, நாற்காலிகளில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. ஹெஸ்லின் பதினோரு முறை என்னைக் கூப்பிட்ட சாயங்காலம் எது என்று யோசித்துப் பார்த்தேன். காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாளே அந்த வியாழக்கிழமையாக இருக்கும். அன்றைக்கு மாதா திருவிழாவுக்கு என்ன கலரில் சேலை எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஏதோ ஒன்றுக்கு நான் சத்தமாகச் சிரித்தேன். கதவுக்கும் எனக்கும் நடுவில் நான்கு எட்டு தூரம்.

ஒரு வாரத்துக்குள் ஊர் இந்த விஷயத்துக்கு எப்படிப் பழகியிருக்கிறது என்பதை எல்லாம் நான் தெரிந்துகொண்டேன், கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு எரிந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸ் போர்டில், தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதிக்குக் கீழே, நான் இதுவரை படிக்காமல் கடந்துபோன ஒரு வரி இருந்தது: கராத்தே பெல்ட் துவைப்பவர்கள் முற்பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் மட்டும் துவைக்கவும், ஷிப்ட் முடிந்து உறங்குபவர்களுக்கு இடைஞ்சல். மண்டபத்துக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கிற டாக்டர், பெல்ட் தண்ணீரைக் காதருகே கொண்டுபோகாதீர்கள், கொய்ங்கென்று இரைச்சல் வரும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பங்குச் சாமியாரிடம் போய், சாமி, வாளிக்குள்ளே பிள்ளைகள் அழுகிறார்கள் என்று சொன்னபோது அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி, பிள்ளைகளின் வேதனையை ஆண்டவர் பாதத்தில் ஒப்புக்கொடும்மா, பூசை நேரத்தில் மட்டும் துவைக்க வேண்டாம் என்றார்.

கடற்கரைப் பக்கம் கருவாடு காயப்போடுகிற சந்தனமாரி, பதினோரு மணி ஆனால் எங்கள் தெருவுக்குக் குடத்தோடு வந்துவிடுவாள். பெல்ட் அலசிய தண்ணீரை வாங்கிக்கொண்டு போய், நெத்திலி காய்கிற பாய்க்கு நான்கு மூலையிலும் ஒரு குவளை தெளித்தால், அன்றைக்கு முழுக்கக் காக்கை அண்டாது. தண்ணீருக்குப் பதில் வாரம் ஒரு பொட்டலம் நெத்திலி வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக் கதவையும் வந்து தட்டினாள்.

"யம்மா, நீங்களும் தொவச்சியளாம்லா. ஊத்திராதீங்க. பொம்பளப்பிள்ள சத்தத்துக்குக் காக்கா நல்லாவே பயப்படும்."

"அது எம் புள்ள அழுத அழுகை, சந்தனமாரி."

"எல்லாம் புள்ளையதானம்மா" என்றாள். அவள் கேலி பண்ணவில்லை. அவளுக்கு நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றே விளங்கவில்லை. "அழுதது அழுதாச்சு. சும்மா சாக்கடைல போறதுக்கு, நாலு மீன காப்பாத்துனா புண்ணியந்தான."

நான் அந்த வாளியை ஊற்றவில்லை, கொடுக்கவுமில்லை. மூடி போட்டுக் குளியலறையில் வைத்தேன்.

ஹெஸ்லினை நான் கராத்தேயில் சேர்த்ததே நான் பயந்தாங்கொள்ளி என்பதால்தான். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் நான்தான் சாரி சொல்வேன். நாங்கள் படித்த கான்வென்ட்டில் வரிசையில் போகும்போது ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், வருஷம் முழுக்க ஒரு முறைகூடச் சத்தம் போட்டு மாட்டிக்கொள்ளாத பிள்ளைக்கு ஆண்டுவிழாவில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு நீல ரிப்பன் கட்டுவார்கள், நான் அதை மூன்று வருஷம் தொடர்ந்து வாங்கினேன். என் பிள்ளை இப்படி ஆகக் கூடாது, யாராவது கையைப் பிடித்தால் ஊர் கூடும்படி கத்த வேண்டும், உதைத்துவிட்டு ஓட வேண்டும் என்று ஏழு வயதில் கொண்டுபோய் விட்டேன். ஒன்பது வயதில் அவள் கத்துவதை விட்டிருந்தாள். பாத்ரூமில் பல்லி விழுந்தால் அலறுகிற பிள்ளை, ஆரஞ்சு பெல்ட் வந்ததிலிருந்து, பல்லியையும் பார்ப்பாள், என்னையும் பார்ப்பாள், விலகிப் போய்விடுவாள். தைரியம் வந்துவிட்டது என்று நான் ரெக்ஸனிடம் போனில் சொன்னேன். ரெக்ஸன் என் புருஷன். கப்பலில் இருக்கிறார்.

இந்த வாரமும் சொன்னேன், வாளி விஷயத்தை. கடல் இரைச்சலுக்கு நடுவில், "ஊருக்குள்ள எல்லா பிள்ளையும்தான போகுது, ஜெசி" என்றார். "ஸ்ட்ரிக்டா இருந்தாத்தான் ஸ்ட்ராங்கா வரும். நீ போய் ஒண்ணும் சண்ட போட்டுக்கிட்டு நிக்காத. மாஸ்டர் மச்சான் ஸ்டேஷன்ல இருக்கான்."

அந்த வாரம் ஹெஸ்லினை நான் வகுப்புக்கு அனுப்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மக்களே, நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போக வேண்டாம், என்ன?"

"ஓஸ்" என்றாள்.

"வேண்டாம்னு சொல்லுதியா, போணும்னு சொல்லுதியா?"

"ஓஸ்."

"அம்மாட்ட எதுக்குட்டி ஓஸ் போடுத? வாயத் தொறந்து சொல்லு. கால் வலிக்கா?"

"ஓஸ்மா" என்றாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எனக்கு இரக்கப்பட்டு ஒரு மா சேர்த்து.

அவள் விளையாடப் போன பிறகு பீரோவின் அடித்தட்டிலிருந்து என் நீல ரிப்பனை எடுத்தேன். மூன்று வருஷ ரிப்பன், தங்க ஜரிகை வைத்தது, எங்கள் அம்மா சீர்வரிசையோடு வைத்து அனுப்பியது. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, வெகுநேரம் தேய்த்தேன். விரலில் முள் குத்திய அன்றும், கணக்கு டீச்சர் காதைத் திருகி ரத்தம் வந்த அன்றும், பெரியவளான அன்றும் அதே பள்ளிக்கூடத்தில்தானே இருந்தேன், ஒரு முனகலாவது இருக்கும் என்று காதைக் கிண்ணத்தருகே வைத்தேன். சாயம்தான் போனது. சத்தம் இல்லை. கத்தியிருந்தால்தானே இருக்கும். நான் கத்தவே இல்லை. என் பிள்ளையாவது கத்தியிருக்கிறாள், பதினோரு முறை கத்தியிருக்கிறாள், அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காக்கா ஓட்டுகிறார்கள். அந்தச் சாயத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், இது அது இல்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்தபோது ஹெஸ்லின் தானாகவே வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். டெஸ்ட்டுக்கு வராத பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பில் நாற்பது எண்ணிக்கை ஸ்ப்ளிட் என்று அவளுக்குத் தெரியும். பெல்ட்டைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். எந்த ஆம்பிளை இடுப்பிலும் ஏறாத பெல்ட், எட்டடி தள்ளி நின்றாலும் சோப்பு மணத்தது.

டெஸ்ட் நாள் ஒன்றில்தான் எங்களை உள்ளே விடுவார்கள். மண்டபம் முழுக்க நாற்காலி, மேடையில் கவுன்சிலர், மேடைக்கு ஓரமாக ஸ்டாண்டில் விருந்தினருக்குக் குடிதண்ணீர்க் கேன், நடுவில் நீல மெத்தை விரிப்பு. அதன் தலைமாட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். மோந்து பார்த்த பெல்ட் எல்லாம் அதில் விழும், பாஸான பிள்ளைகளுக்குப் புது நிறப் பெல்ட்டைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க மாஸ்டரின் அம்மா வழக்கம்போல முதல் வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் இடுப்பில் அவருடைய கறுப்பு பெல்ட். இருபத்தாறு வருஷமாகத் தண்ணீர் படாதது என்று மைக்கில் சொன்னார்கள். நைந்து நூல் நூலாகத் தொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

வெள்ளை முடிந்தது, மஞ்சள் முடிந்தது, பெரிய நிறங்களையும் அவிழ்த்து மோந்து டப்பில் போட்டார், உப்பும் வியர்வையும் நாறுகிற பெல்ட்டுகளை ஆழமாக இழுத்து மோந்து, "நல்ல உழைப்பு, நல்ல உழைப்பு" என்றார். பெர்லா அக்கா வீட்டுக்காரர் கூட்டத்தில் நெளிந்தார். ஆரஞ்சைக் கடைசிக்கு வைத்திருந்தார், அந்த வரிசையிலும் கடைசி ஹெஸ்லின். பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோனார். சிரித்தார்.

"யாரு கழுவுனது?"

நான் எழுந்தேன். "நாந்தான் சார்."

"மேடம் கான்வென்ட்டுல்லா, சுத்தம் ஜாஸ்தி" என்றார் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் சிரித்தது. "ஹெஸ்லின், பெயில். ஸ்ப்ளிட்டுக்கு இறங்கு. முப்பது. எல்லாரும் பாக்கட்டும்."

ஹெஸ்லின் "ஓஸ்" என்றாள். மெத்தையில் இறங்கினாள். மாஸ்டர் அவள் பின்னால் மண்டியிட்டார், முழங்காலை முதுகுக்குக் கொண்டுபோனார், போனவர் நிறுத்தினார், டப்பில் போட வேண்டிய அந்த ஆரஞ்சு பெல்ட்டை அவள் இடுப்பில் திரும்பச் சுற்றி முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

பெயிலான பிள்ளைக்கு எதற்குப் பெல்ட்?

அப்போது எனக்கு விளங்கியது. அவருக்குத் தெரியும். எங்களுக்கெல்லாம் முன்னாலேயே தெரியும். கட்டிவிட்டுத்தான் அமுக்குவார், ஒவ்வொரு பிள்ளையையும், ஒவ்வொரு முறையும்.

செருப்போடு மெத்தையில் ஏறினேன்.

"கட்டாதீங்க சார்."

"மேடம், மேட்ல செருப்போட வரக் கூடாது."

"கட்டாம அமுக்குங்க, பாப்போம்."

"ஏட்டி ஜெசி, வந்து உக்காரு, பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்று பெர்லா அக்கா பின்னாலிருந்து கெஞ்சினாள். மாஸ்டர் என்னைப் பார்த்து, நோயாளியிடம் பேசுகிற குரலில், "பிள்ளைய உங்கள மாதிரி கோழ ஆக்கிராதீங்க மேடம்" என்று சொல்லி, முடிச்சின் இரண்டு நுனியையும் கையில் பிடித்தார், அந்த வெடுக்கென்ற இழுப்புக்கு.

நான் ஒரு நாளும் தண்ணீர்க் கேன் தூக்கியவள் இல்லை, கேன் போடுகிற பையன் வராத அன்றைக்கு நாங்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்போம். அன்றைக்கு அந்தக் கேனை ஸ்டாண்டிலிருந்து எப்படி எடுத்தேன், மெத்தைக்குக் குறுக்கே எப்படிக் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டப்புக்குமேல் கவிழ்த்தேன். இருபது லிட்டரும் குடுகுடுவென்று இறங்கியது.

முதலில் "ஹாய்"கள் வந்தன. மேடையில் கவுன்சிலர் இதுவும் ஒரு ஐட்டம் என்று நினைத்துக் கைதட்டினார், அவரைப் பார்த்துக் கூட்டமும் தட்டியது. பிறகு மற்றவை வந்தன. நாற்பது பிள்ளைகளின் வலிக்குது சார், விடுங்க சார், மூச்சு முட்டுது சார், இனிமே செய்யமாட்டேன் சார், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பி, மண்டபத்தின் கூரையில் மோதி, ஜோடனைத் தாள்களை ஆட்டி, திரும்ப இறங்கி வந்து, யாருடையது யாருக்கோ அவர்கள் காதில் போய் நின்றது. பெற்றவளுக்கு ஆயிரம் அழுகைக்கு நடுவில் தன் பிள்ளை அழுகை தனியாகக் கேட்கும். வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்தார்கள். பெர்லா அக்கா இத்தனை வருஷமும் மிக்ஸி ஓட்டித் துவைத்தவள். இங்கே மிக்ஸி இல்லை. "அம்மா, தண்ணி" என்று ஜோவனின் குரல் வந்தது, அவ்வளவுதான் அவன் கேட்டிருந்தான், தண்ணீர், அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் டப்பின் மேல் பாய்ந்தார். இரண்டு கையாலும் பெல்ட்டுகளை வாரி வெளியே எறிந்தார். குனிந்தபோது அவருடைய கறுப்பு பெல்ட்டின் நைந்த நுனி தண்ணீரில் தொங்கியது, நூல் நூலாகத் தண்ணீர் குடித்தது.

கடைசியாக வந்த சத்தம் பழையது. எங்கள் பிள்ளைகள் யாருடையதும் இல்லை. ஒரு பையனின் கீச்சுக் குரல்.

"மாஸ்டர் விடுங்க மாஸ்டர், எங்கம்மா வெளிய நிக்கா, எங்கம்மாட்ட போணும்."

முதல் வரிசையில் தட்டு விழுந்தது. புது பெல்ட்டுகள் தரையில் சிதறின. வெள்ளைச் சேலை அம்மா எழுந்து, மெத்தை விளிம்புவரை வந்து, தண்ணீரில் கை வைத்து நிற்கிற மகனைப் பார்த்தார்.

"ஏல கிளாட்வின், எப்பல கத்துன?" என்றார். "நான் வெளியதானல இருந்தேன். எப்பல கத்துன?"

மாஸ்டர் நனைந்த நுனியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றார். இச், நி, சான் என்று பத்து எண்ணுகிற நேரம் எனக்கு அந்தப் பையன்மேல் இரக்கம் வந்தது. பத்தாவதில் கோபம் திரும்பி வந்தது, முன்பைவிட இரண்டு மடங்காக. எப்படி இருக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கட்டியிருக்கிறார்.

ஹெஸ்லினின் இடுப்பில் பாதி போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். படியில் ஒருத்தர் "டெஸ்ட்ட கெடுத்துட்டாளே" என்றார்.

மண்டபத்தைக் கழுவிவிட்ட தண்ணீர் தெருவில் ஓடிக் காய்ந்தது. அதற்குப் பிறகு மழை தூறினால் அந்தத் தெரு அழும். ஊர் அதற்கும் பழகிவிட்டது, மேகம் கருத்தால் ஆட்டோக்காரர்கள், "அந்தப் பக்கம் சத்தமா இருக்கும்க்கா, சுத்திப் போயிருவோம்" என்கிறார்கள், சுற்றித்தான் போகிறோம். கிளாட்வின் மாஸ்டர் இரண்டு மாதம் பூட்டி வைத்திருந்து வேறு மண்டபத்தில் வகுப்பைத் தொடங்கினார். இப்போது அவர் பெல்ட்டைக் கட்டுவதில்லையாம், பிள்ளைகளே கட்டிக்கொள்கிறார்களாம், கதவில் கண்ணாடி வைத்திருக்கிறாராம், மனுஷன் திருந்திவிட்டார் என்கிறார்கள். ஜோவன் போகிறான். "நீலம் வரைக்கும் வந்தாச்சு, விட முடியுமாட்டி" என்கிறாள் பெர்லா அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். ஆனால் பதினோரு மணிக்கு அவள் மாடியில் மிக்ஸி சத்தம் கேட்பதில்லை. என் வீட்டு ஜன்னலில் ஒரு முறை கல் விழுந்தது. போனில் பெயர் சொல்லாத ஒரு குரல் இரண்டு முறை வந்தது. ரெக்ஸன் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்கிறார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் இன்னும் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்க்கிறேன், பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குளியலறையில் மூடி வைத்திருந்த வாளியைத் திறந்து பார்த்தேன். பதினொன்றும் வெளியே வந்தாயிற்று, இனி அதில் ஒன்றும் இல்லை, பழைய நுரையும் குழம்பு எண்ணெயும்தான். ஊற்றிவிட்டேன்.

ஹெஸ்லின் மூன்று வாரம் பேசவில்லை. ஓஸ்கூடச் சொல்லவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது திங்கட்கிழமை காலை, பள்ளி வேன் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"அம்மா!"

தெருக்கோடியைத் தாண்டிக் கடற்கரையில் சந்தனமாரியின் நெத்திலிப் பாயிலிருந்து காக்கைகள் மொத்தமாக எழும்பிப் பறந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோசைக் கரண்டியோடு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலில் சாக்ஸோடு, மூக்கு விடைக்க என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு சாக்ஸ எங்க வச்ச?"

"இந்தா வந்துட்டேன் மக்களே" என்றேன்.

"வந்துட்டதத்தான் பாக்கேன்லா. சாக்ஸ் எங்க?"

"இந்தா வந்துட்டேன் மக்களே. இந்தா வந்துட்டேன்."

"ஒரு வாட்டி சொன்னா போதும்மா, காது கேக்கு. வேன் வந்துரும்."

வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. தோசை கருகுகிற வாசம் வந்தது. நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து பதினொன்றில் மீதி எட்டையும் சொல்லி முடித்தேன். பிறகுதான் சாக்ஸைத் தேட ஆரம்பித்தேன்.